கோட்டில் இரண்டு சென்டிமீட்டர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் படிக்கப் பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். உங்கள் முன்னாள் கணவரின் இப்போதைய மனைவி நான். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவள். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தது நம் நாத்தனார். 'நம்' என்று போடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். நம் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான் என்பதால் போட்டுவிட்டேன்.

ஜனவரியில் என் கணவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தில், மொட்டை மாடி மெஷின் ரூமிலேயே விழுந்துவிட்டார். இப்போது உயிருக்கு ஆபத்து இல்லை. நடக்கிறார். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் பேச்சு போய்விட்டது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வருவதில்லை, வந்தாலும் வேறு எதுவோ வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் 'செருப்பு' என்கிறார். அது தப்பு என்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கிவிடும். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை ஒரு பெண் வருகிறாள். போன பேச்சில் பெரும்பங்கு முதல் சில மாதங்களில்தான் திரும்பி வரும் என்று அவள் சொல்கிறாள். அவளுடைய யோசனைதான் இது. அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இன்று வரையுள்ள முப்பது வருஷத்தையும் பவர்பாயிண்டில் ஒரே கோடாகப் போட்டு, முக்கியமான இடங்களில் வட்டம் வைத்து, டிவியில் காட்ட வேண்டுமாம். ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு அதைப் பற்றிப் பேச வைக்கப் போகிறாளாம்.

என் கையில் இருப்பது கடைசிப் பத்து வருஷம். அதற்கு முந்தியது உங்களிடம் இருக்கிறது. கேட்க எனக்கு இஷ்டமில்லை. கேட்காமல் இருக்கவும் வழியில்லை. நான் போட்டிருக்கும் ஸ்லைடை இணைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்துத் தேதிகளும் ஏதாவது படமும் இருந்தால் அனுப்புங்கள். போனில் பேசுவது சுலபம் என்றால் என் எண்ணும் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
அவர் மனைவி


மார்ச் 9

பல் மருத்துவமனை வரவேற்பாளருக்கு,

'அக்கா' வேண்டாம். உங்களுக்கு அக்காவாக நான் பிறக்கவில்லை. ஆகும்படி நடந்ததும் என் சம்மதத்தோடு நடக்கவில்லை. போனும் வேண்டாம். உங்கள் குரலை இத்தனை வருஷம் கேட்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன். எழுதுங்கள், போதும்.

அவருக்கு இப்படி ஆனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வருத்தத்தை உங்களோடு பங்கு போட்டுக்கொள்ள மாட்டேன்.

உங்கள் ஸ்லைடைப் பார்த்தேன். அவருடைய வேலைக்கு நீலம், உங்களுக்கு ஆரஞ்சு, எனக்குச் சாம்பல். 'முதல் திருமணம்' என்று ஒரே ஒரு சாம்பல் வட்டம். நான் அவரோடு இருந்தது பதினைந்து வருஷம். உங்கள் ஆரஞ்சில் 'புது ஃபிரிட்ஜ்' என்று ஒரு வட்டம் இருக்கிறது. ஃபிரிட்ஜைப் பற்றி அவர் என்ன பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. இருக்கிற டெம்ப்ளேட்டை எடுத்து, எல்லா வட்டத்தையும் தேர்ந்தெடுத்து, சமமாகப் பரப்பும் பொத்தானை அழுத்திவிட்டிருக்கிறீர்கள். அது வட்டங்களைச் சமமாக நிறுத்தும், வருஷங்களை அல்ல. உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்ததற்கும் சோபா வந்ததற்கும் நடுவே சில மாதம் இருக்குமா? அதுவும் என் பதினைந்து வருஷமும் திரையில் ஒரே நீளம். நான் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறவள். இந்தக் கணக்கில் வரைந்தால் குளியலறையும் கார் நிறுத்துமிடமும் ஒரே அளவில் வந்து நிற்கும்.

ஸ்லைடின் அகலம் முப்பத்து மூன்று சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் மேல். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டால் கோட்டுக்கு முப்பது கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ஒவ்வொரு வட்டத்தையும் மவுஸால் இழுத்துக் கண் மதிப்பில் வைக்காதீர்கள். வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இருப்பிடத்துக்கான கட்டத்தில் எண்ணைத் தட்டுங்கள். எண்ணைத் தட்டினால் உங்கள் இஷ்டம், என் இஷ்டம் எதற்கும் இடமில்லாமல் போகும்.

தேதிகள் இவை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து, ஜூன் மாதம், எங்கள் திருமணம். அதே வருஷம் மூன்றாவது மாடி வீட்டுக்குக் குடிபோனோம். லிஃப்ட் இல்லாத கட்டடம், லிஃப்ட் மெக்கானிக் படி ஏறி இறங்கினார், அந்தத் தெருவுக்கே அது சிரிப்பு. ஐந்தாம் வருஷம் மஞ்சள் ஸ்கூட்டர். ஒன்பதாம் வருஷம் அவர் கை ஒடிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தது. பதினைந்து வருஷம் முடிந்து, இன்னொரு ஜூனில், என்னை விட்டுப் போனது. கடைசியானதற்கு என்ன நிறம் கொடுப்பது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மாடியில் எடுத்த படம் ஒன்று இணைப்பில் இருக்கிறது. அவர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? இல்லையென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சாம்பல் நிற வட்டம்


மார்ச் 15

மதிப்பிற்குரிய வரைபடக்காரருக்கு,

முகத்தில் அடித்த மாதிரி எழுதினாலும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். நன்றி.

நான் இதை வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து செய்யவில்லை. மருத்துவமனைக் கம்ப்யூட்டரில், ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள், அந்தப் பல் குடையும் சத்தத்துக்கு நடுவில் செய்கிறேன். ஃபிரிட்ஜ் வட்டம் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை மாடிக்கு ஏற்ற லிஃப்டில் இடம் போதாமல், லிஃப்டின் மேல் தட்டைக் கழற்றி அதைச் செங்குத்தாக நிறுத்தி அவரே கொண்டுவந்தார். அன்றைக்கு மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. உங்களுக்கு மஞ்சள் ஸ்கூட்டர் மாதிரி எனக்கு ஃபிரிட்ஜ்.

நீங்கள் சொன்னபடி எண்ணைத் தட்டினேன். உங்கள் வட்டங்கள் கைகால் நீட்டிப் படுத்துக்கொண்டன. என்னுடையவை எல்லாம் வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எழுத்தோடு எழுத்து முட்டி, பஸ்ஸில் கூட்டம் நெரிப்பது மாதிரி நிற்கின்றன. இதுதான் நியாயம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நான் அவரைச் சந்தித்தபோதே அவர் தலையில் பாதி நரைத்துவிட்டிருந்தது. உங்கள் படத்தில் இருக்கும் ஆள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. கறுகறுவென்று முடி, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறார். நீங்கள் அவரைவிட ஒரு விரற்கடை உயரம்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று வாரமாக அவர் என்னை 'நெட்டை' என்று கூப்பிடுகிறார். நான் நாலே முக்கால் அடி. என்னைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் கேலிக்குக்கூடச் சொன்னதில்லை. அவர் எனக்கு வைத்த பெயர் 'வாயாடி'. ஜனவரிக்குப் பிறகு அது ஒருமுறைகூட வரவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் என்னைச் சமாதானப்படுத்தினாள். "அவர் உங்களத்தான் நெனச்சுக் கூப்பிடறார்ங்க. வார்த்ததான் தப்பா வருது, தண்ணிக்குச் செருப்புன்னு வர்ற மாதிரி." செருப்பு என்று வந்தால் பொறுத்துக்கொள்வேன் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று. கடைசித் தேதியை நீங்கள் தவறாகப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் ஜூனில் அவர் வீட்டை விட்டுப் போயிருக்க முடியாது. நான் அவரைச் சந்தித்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அப்போதுதான் வீட்டை விட்டு வந்திருந்தார். சரிபார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 20

வாயாடிக்கு,

நான் தேதியில் தவறு செய்கிறவள் இல்லை. அந்த வாரம் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்துக்கு வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து வந்தபோது அவர் பெட்டியும் டூல்பாக்ஸுமாக வாசலில் நின்றார். "போய்ட்டு வரேன்"கூடச் சொல்லவில்லை. "போறேன்" என்றார். அடுத்த நாள் அந்த அடித்தளத்தில் ஒரு படிக்கட்டை வரையவே மறந்துபோய், எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். பதினெட்டு வருஷ வேலையில் அது ஒன்றுதான் என் தவறு. அந்த வரைபடத்தில் தேதி இருக்கிறது. இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன்.

சண்டை இல்லை, காரணமும் சொல்லவில்லை. ஒரு ஆண்பிள்ளை காரணம் சொல்லாமல் போனால் காரணம் வேறொரு வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? விவாகரத்துக்குக் கடைசியாகக் கோர்ட்டுக்கு வந்த அன்று அவர் சட்டை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. என் வீட்டில் பதினைந்து வருஷமும் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை. யாரோ ஒருத்தி போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று அங்கேயே எழுதி முடித்துவிட்டேன். கொஞ்ச நாளில் நாத்தனார் உங்களைப் பற்றிச் சொன்னார். அந்த ஒருத்திக்கு ஆள் கிடைத்துவிட்டது.

இப்போது வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பார்த்தேன் என்கிறீர்கள். என் காதில் பூச்சுற்ற வேண்டாம். பத்து வருஷம் கழித்து இனிமேல் என்னிடம் நல்ல பெயர் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

நெட்டை என்று கூப்பிடுகிறார் என்பதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தேன். நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். நான் சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன்? அன்று முழுக்கச் சந்தோஷமாகவே இருந்தேன், அலுவலகத்தில் என்ன விசேஷம் என்று கேட்கிற அளவுக்கு.

எழுத்து முட்டினால் ஒன்றைக் கோட்டுக்கு மேலே போடுங்கள், அடுத்ததைக் கீழே போடுங்கள். வட்டத்திலிருந்து சின்னதாக ஒரு கோடு இறக்கினால் எது எதற்கு என்று தெரிந்துவிடும். ஒரே சமயத்தில் இரண்டு விஷயம் நடந்திருந்தாலும் அப்படித்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று.

இப்படிக்கு,
சாம்பல் நிற வட்டம்


மார்ச் 26

வரைபடக்காரருக்கு,

நல்ல பெயர் வாங்க எழுதவில்லை. அது எனக்குப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே தேவைப்படவில்லை.

கேளுங்கள். எங்கள் மருத்துவமனை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். மேலேயிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, பேசிட்டே இருங்க" என்றது. நானும் பேசிக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்து என்னை வெளியே எடுத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தேனாம். அப்படித்தான் வாயாடி ஆனேன். அது உங்கள் விவாகரத்துத் தீர்ப்பு வந்த அதே மாதம். நீங்கள் சொல்லும் ஜூனிலிருந்து எண்ணினால் இரண்டு வருஷம். "வீட்ட விட்டு வந்துட்டேன்" என்று மட்டும்தான் சொன்னார். எப்போது என்று நான் கேட்கவில்லை. போன வாரம் வந்தவர் மாதிரி இருந்தார், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு, அது நல்ல காரணம் இல்லை. உங்கள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார் என்று நினைப்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அவ்வளவு உயரமான, படித்த, நேர்க்கோடு போடத் தெரிந்த ஒருத்தியை விட்டுவிட்டு என்னிடம் வந்தாரே என்று. பத்து வருஷம் அந்தத் திமிரிலேயே நிமிர்ந்து நடந்தேன். இப்போது ஸ்லைடைப் பார்த்தால் உங்கள் கடைசி வட்டத்துக்கும் என் முதல் வட்டத்துக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் சும்மா கிடக்கிறது. சமமாகப் பரப்பி வைத்திருந்தபோது அது கண்ணிலேயே படவில்லை.

அந்த இரண்டு சென்டிமீட்டரில் யார் இருந்தது? சட்டைக்கு இஸ்திரி போட்டது நான் இல்லை. அப்படியென்றால் வேறு எவளோ. உங்களிடமாவது ஒரு முகம் இருக்கிறது. முகமே இல்லாத ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நாத்தனாரைக் கேட்டால், பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிடுகிறார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் பால் பொங்கியது. நீங்கள் மூத்தவர், உங்களுக்கு அவர் கொஞ்சம் பயப்படுவார். கேட்டுச் சொல்லுங்கள்.

பயிற்சி எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் பக்கம் வந்தால் அவர் முகம் தெளிகிறது. ஸ்கூட்டர் வட்டத்தைத் தொட்டு 'மழை' என்றார். கை ஒடிந்த வட்டத்தைத் தொட்டுத் தன் கையை நீட்டிச் சிரித்தார். என் ஆரஞ்சு வட்டங்களுக்கு வந்தால் தலையை ஆட்டுகிறார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வருவதற்கு முன் உங்கள் மாடிப் படத்தை ஸ்லைடிலிருந்து நீக்கிவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார். எழுந்து டிவி பக்கத்தில் போய்ப் படம் இருந்த இடத்தை இடது கையால் தடவினார். என் பக்கம் திரும்பி "எங்க?" என்று கேட்டார்.

ஜனவரிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து சரியான இடத்தில் வந்த முதல் கேள்வி அதுதான். அந்தப் பெண் கை தட்டினாள். நான் கண்ட்ரோல் இசட் அழுத்திப் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

இப்படிக்கு,
வாயாடி


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

படத்தை எடுத்ததற்கு உங்களைத் திட்ட ஒரு பக்கம் எழுதினேன். அப்புறம் அதை அழித்துவிட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என் பதினைந்து சென்டிமீட்டரையும் வெட்டியிருப்பேன்.

நாத்தனார் வீட்டுக்கு நேரிலேயே போனேன். பால் பொங்கட்டும் என்று அடுப்படியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் வாயைத் திறந்தார். "குடோன் மாடில இருந்தான். லிஃப்ட் கம்பெனி குடோன் இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு ரூம். தனியாதான் இருந்தான். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டான்." இரண்டு வருஷமுமா என்று கேட்டேன். "ரெண்டு வருஷமும்" என்றார். யாராவது வந்து போனார்களா என்றேன். "நான்தான் மாசத்துக்கு ஒருதரம் போவேன். போனா தூங்கிட்டிருப்பான்" என்றார்.

நம்பவில்லை. தம்பி என்றால் அந்தம்மாள் எதையும் மூடி வைப்பார். அதனால் சனிக்கிழமை அந்த குடோனுக்கே போனேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, கட்டடத்தை அளக்க வந்திருப்பதாகச் சொன்னேன். பொய்க்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று டேப்பையும் எடுத்துப் போயிருந்தேன். அந்த அறையில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். பத்துக்கு எட்டு. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் இரும்புக் கட்டில், இரண்டு பேர் படுத்தால் ஒருவர் விழுந்துவிடுவார். சுவரில் ஒரே ஒரு ஆணி. பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் இஸ்திரிப் பெட்டி வைத்துக் கருகிய தடம், முக்கோணமாக. அவரே போட்டிருக்கிறார். முதல் தடவை போட்டு மேஜையைப் பொசுக்கியிருக்கிறார்.

ஒரு பெண் இருந்த இடமா இல்லையா என்று எனக்குத் தெரியும். அங்கே யாரும் இருந்ததில்லை.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். என் அலுவலகத்திலிருந்து அந்த குடோன் நான்கு தெரு. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிப்பேன். ஏன் போனார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உங்களுக்காகப் போனார் என்றால் புரிந்திருக்கும்.

அந்த இடத்தில் எதையும் வைக்காமல் அப்படியே திரையில் போடுங்கள். ஃபிரிட்ஜை இழுத்து அங்கே நிரப்ப வேண்டாம். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெட்டை


ஏப்ரல் 9

நெட்டைக்கு,

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது, நான் ஏற்கெனவே நேற்றிலிருந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

நேற்று அந்த ஸ்லைடைப் போட்டோம். உங்கள் வட்டங்கள் மேலேயும் கீழேயுமாக, அப்புறம் வெறும் கோடு, அப்புறம் என் கூட்டம். அவர் வழக்கம்போல இடது கையால் ஆரம்பத்திலிருந்து தொட்டுக்கொண்டே வந்தார். 'ஸ்கூட்டர்' என்றார், தெளிவாக. 'படி' என்றார், அது உங்கள் மூன்றாவது மாடி. நீங்கள் அனுப்பிய கடைசி வட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. விரல் அதைத் தாண்டி வெறும் கோட்டில் போய், என் வட்டத்துக்கு வந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் விரல் திரும்பிப் போய் அந்த வெறும் கோட்டிலேயே நின்றது.

"இங்க என்ன சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவர் யோசித்தார். வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. செருப்பு, சாவி என்று எதுவோ வரப்போகிறது என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை இனிப்பைப் பற்றிச் சொல்கிற முகத்தோடு, "நல்லா தூங்கினேன், வாயாடி" என்றார்.

முழு வாக்கியம். ஒரு வார்த்தைகூட இடம் மாறவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கடைசி வார்த்தையை உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. என் பெயர் திரும்ப வந்துவிட்டது. நீங்கள் நெட்டைக்குச் சந்தோஷப்பட்ட மாதிரி நானும் ஒரு நாள் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். நீங்கள் கொஞ்சம் வயிறெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பத்து வருஷமாக என் பக்கத்தில் படுத்து எழுந்த மனிதர். நான் போர்வையை இழுத்துவிடுவேன், விசிறி வேகத்தைக் குறைப்பேன், இருமினால் எழுந்து உட்காருவேன். பேசுவேன், அதுவும் உண்மைதான், விளக்கை அணைத்த பிறகும் பேசுவேன். முப்பது வருஷத்தில் அவர் முகம் மலர்ந்து முழுதாகச் சொல்ல ஒன்று கிடைத்தது. அதில் நானும் இல்லை, நீங்களும் இல்லை. உங்கள்மேல் பொறாமைப்பட்டால் உங்களுக்கு எழுதலாம். ஒரு இரும்புக் கட்டில்மேல் பொறாமைப்பட்டால் யாருக்கு எழுதுவது?

அடுத்த பயிற்சி வெள்ளிக்கிழமை. இப்போது அந்த இடத்துக்கு அவரே ஒரு விஷயம் கொடுத்துவிட்டார், அதனால் அங்கே ஒரு வட்டம் வைக்க வேண்டும் என்கிறாள் அந்தப் பெண். அதற்கு என்ன நிறம், என்ன எழுதுவது? என் கைக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாயாடி


ஏப்ரல் 10

வாயாடிக்கு,

நீங்கள் சொன்னபடி கொஞ்சம் வயிறெரிந்துகொண்டேன். பிறகு சிரித்தேன். அதற்கும் பிறகு நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நிறம் கேட்டிருக்கிறீர்கள், அதற்காக எழுதுகிறேன்.

அவர் போன அன்று முதல் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, ஆனாலும் நீங்கள்தான் இருந்தீர்கள். ஒரு முகம் வரைந்துகொண்டேன். கட்டையான பெண் இல்லை அவள், நல்ல உயரம், என்னைவிட உயரம். அவள் வீட்டுக்கு ஒரு தளவரைபடம்கூட மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். கட்டில் எந்தச் சுவரோரம், ஜன்னல் எந்தப் பக்கம், அவர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார் என்று. அந்த வீட்டில் அவர்கள் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு விடியும் வரை கிடப்பேன். காலையில் அலுவலகத்தில் போய் அடுத்தவர்கள் வீட்டுப் படுக்கையறைகளை வரைவேன். தீர்ப்பு வரும் வரைக்கும் இப்படித்தான் ஓடியது. நாத்தனார் உங்களைப் பற்றிச் சொன்ன அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அவள் இருக்கிறாள், நான் பைத்தியக்காரி இல்லை என்று தெரிந்த நிம்மதி.

என் அலுவலகத்துக்கு நான்கு தெரு தள்ளி அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் வளர்த்தது, இனி அதை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? நீங்களாவது அங்கே இருந்திருக்கலாம்.

வட்டம் வையுங்கள். சாம்பல் வேண்டாம், ஆரஞ்சும் வேண்டாம். நிறமே கொடுக்காமல் வெறும் விளிம்பு போதும். இரண்டு சென்டிமீட்டரின் நடுவில் வரும்படி எண்ணைத் தட்டுங்கள். 'நல்லா தூங்கினேன்' என்று அவர் சொன்னதைக் கோட்டுக்கு மேலே அப்படியே போடுங்கள்.

அதே வட்டத்திலிருந்து கீழே ஒரு சின்னக் கோடு இறக்கி, 'நெட்டை தூங்கவில்லை' என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அவர் அதைத் தொடுகிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெட்டை